துலாவுக்கு இருபது புள்ளி

யாழ்ப்பாணத்தில் எதையும் புள்ளி போடும் சோதனையாக்கிவிடலாம். ஒரு பிள்ளை பாடினால் குரல் எப்படி என்று கேட்கமாட்டோம், போட்டியில் எத்தனையாம் பிள்ளையாக வந்தது என்று கேட்போம். அப்படிப்பட்ட ஊருக்கு, விபரம் தெரியாத ஒரு பிஸ்கட் கொம்பனி, தேசிய ஓவியப் போட்டி ஒன்றைக் கொண்டுவந்தது.

தொண்ணூற்றைந்தின் ஆரம்பம் அது. சண்டை நின்றிருந்த அந்தச் சில மாதங்களில் கடைகளில் சோடா வந்தது, பற்றரி வந்தது, சனங்கள் வானத்தைப் பார்க்காமல் வீதியில் நின்று கதைக்கப் பழகினார்கள். சமாதானம் வந்தால் வடக்கில் பிஸ்கட் விற்கலாம் என்று கொழும்பில் யாரோ கணக்குப் பார்த்திருக்க வேண்டும். நாடெங்கும் சித்திரம் படித்து முடிக்கப்போகும் மாணவர்களுக்காக அவர்கள் வருடாவருடம் நடத்திய போட்டியில், அந்த முறை எங்களையும் சேர்த்துக்கொண்டார்கள்.

எங்கள் கல்லூரியின் கடைசி வருட வகுப்பில் ஏழு பேர் இருந்தோம், ஐந்து பெண்கள், இரண்டு ஆண்கள். எங்களைப் பார்க்க வந்த கொம்பனி அதிகாரி கொழும்பில் வளர்ந்த தமிழர். கிளாலிக் கடலைப் படகில் கடந்து வந்திருந்தார். கழுத்தில் டை, முழங்கால்வரை ஈரம். ஆளுக்கொரு பிஸ்கட் டின்னை எங்கள் கைகளில் தந்து, வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தார். எடுத்து முடிந்ததும் டின்களைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அடுத்த கிழமை மட்டக்களப்பிலும் இதே படம் எடுக்க வேண்டுமாம்.

பிறகு எல்லாருக்கும் ஒவ்வொரு கன்வஸ் துண்டு தந்தார். வெள்ளைவெளேரென்ற உண்மையான கன்வஸ். நாங்கள் மூன்று வருடமும் மாச்சாக்கைத் தோய்த்து, பசை பூசி, அதில் படம் கீறிப் பழகியவர்கள். அந்தத் துணியைத் தொட்டதும் எனக்குக் கண் கலங்கியது, இதில் வெட்கப்பட எதுவுமில்லை. கலங்கிய கண்ணுக்கு, துணியின் வலது மூலையில் அச்சிடப்பட்டிருந்த பிஸ்கட் கொஞ்சம் பிந்தித்தான் தெரிந்தது. அது கொம்பனியின் சின்னம். அதன்மேல் வண்ணம் படக்கூடாது என்பது போட்டியின் முதலாவது விதி. இரண்டாவது விதி, அனுப்பிய படங்கள் எல்லாம் கொம்பனிக்கே சொந்தம்.

"தலைப்பு, நாளைய தேசம். மனசில என்ன தோணுதோ அத அப்படியே வரைங்க," என்றார் அதிகாரி.

எங்கள் வகுப்பில் முதலாம் பிள்ளை எழும்பினாள். "சேர், எதுக்கு எத்தினை புள்ளி?"

"புள்ளி எல்லாம் கிடையாதும்மா. நடுவர்கள் படத்தப் பார்த்து உணருவாங்க."

நாங்கள் ஏழு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். புள்ளித் திட்டத்தை மறைக்கிறார் என்பது எல்லாருக்கும் விளங்கியது.

முதல் மூன்று பேருக்கும் பரிசு, கொழும்பில் ஒரு வருடம் இருந்து, வேறு வேலை எதுவும் பார்க்காமல், படம் கீறுவது. இருக்க இடமும் வண்ணமும் கொம்பனி தரும். மற்ற ஆறு பேருக்கும் அது பரிசு. எனக்கு அது தப்பிப்பதற்கு ஒரு வாசல். ஏனென்றால் எங்கள் வீட்டு அலுமாரியில், அம்மாவின் கூறைச்சீலைக்குக் கீழே, பிரான்சிலிருந்து வந்த ஒரு மாப்பிள்ளையின் படம் இருந்தது. சிவப்புக் கார் ஒன்றில் சாய்ந்து நின்றார். கார் அவருடையதல்ல என்பது அவர் அதைத் தொடாமல் சாய்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. ஆளில் நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன். எனக்குப் படம் கீற வேண்டும், அவ்வளவுதான்.

அப்பாவிடம் கதைத்தேன். அப்பா ஸ்ரேசன் மாஸ்ரர். எங்கள் பக்கம் ரெயின் நின்று ஐந்து வருடமாகியிருந்தது. தண்டவாளங்களையும் சிலிப்பர் கட்டைகளையும் பங்கருக்குக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எஞ்சியது மேடையும், பாதிக் கூரையும், அப்பாவும்தான். அவர் தினமும் வெள்ளைச் சீருடையைக் கரி இஸ்திரிப்பெட்டியால் மினுக்கிப் போட்டு, தொப்பியும் வைத்து, சைக்கிளில் போய் வரவுப் புத்தகத்தில் கையெழுத்து வைப்பார். தண்டவாளம் இருந்த இடத்தில் ஆடுகள் மேயும். அவை மேடைக்கு ஏறினால் மட்டும் விசிலை எடுத்து ஊதுவார்.

ஒழுங்குவிதிகளால் ஆன மனிதர். நான் கேட்டதற்கும் ஒழுங்குவிதியாகவே பதில் சொன்னார்.

"முதல் மூண்டு இடத்துக்குள்ளை வா. வந்தால் மூண்டு வருசத்துக்குக் கலியாணக் கதை இந்த வீட்டிலை இல்லை. வராட்டி நான் பிரான்சுக்கு எழுதுவன்."

"ஆறுதல் பரிசு, சிறப்புப் பரிசு எண்டு வந்தால் அப்பா?"

"உதுகள் பரிசில்லைப் பிள்ளை. கைதட்ட ஆள் காணாது எண்டு குடுக்கிறது."

அம்மா குசினிக்குள்ளிருந்து, "பாவம், அந்தப் பொடியன் எத்தினை நாளைக்குக் காத்திருக்கிறது?" என்றாள். அவள் யாருடைய பக்கம் என்பது எனக்கு எப்போதும் தெரிந்ததுதான்.

என்ன கீறுவது என்று நான் ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை. அடுத்த நாள் காலை அப்பாவோடு ஸ்ரேசனுக்குப் போனேன். மேடை விளிம்பில், கையில் பச்சைக் கொடியோடு நிற்கச் சொன்னேன். அவருக்குக் கூச்சம். "ரெயின் இல்லாமல் பச்சைக் கொடி காட்டக்கூடாது, அது குற்றம்," என்றார். காட்டவேண்டாம், சும்மா பிடித்தால் போதும் என்று சமாளித்தேன். மூன்று கிழமை, ஞாயிறு தவிர, காலையில் ஒரு மணித்தியாலம் நின்றார். சீருடையை முதல்நாளே மினுக்கி வைத்தார். தொப்பி கொஞ்சம் சரிந்தாலும் தானே திருத்திக்கொள்வார். கல்லூரியில் மிஞ்சிய வண்ணக் குழாய்களைப் பிதுக்கி மற்றதெல்லாம் தீட்டினேன். சீருடைக்கு வெள்ளை போதவில்லை. கதவுக்குப் பூசுகிற மினுமினுப்பு வெள்ளைப் பெயின்ற் வீட்டில் அரை டின் இருந்தது, அதைப் பூசினேன். அப்பா படத்தில் பளீரென்று நின்றார். பின்னால் ஆடுகள், காஞ்சோண்டிப் பற்றை, வெறும் சரளைக்கல். அவர் தூரத்தில் ஏதோ வருவதைப் பார்ப்பவராக நின்றார்.

அப்பா படத்தைப் பார்த்துவிட்டு, "பொத்தான் ஒண்டு குறையுது," என்றார். அதையும் கீறிவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் அவர் வீட்டில் சத்தமாகவே கதைத்துத் திரிந்தார்.

இந்த அளவில் நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவள். கோப்பாயில் 'தேசிய ஓவியப் போட்டி, விசேட வகுப்பு' என்று ஒரு ரியூசன் கொட்டிலின் வேலியில் எழுதியிருக்கிறது என்று கேள்விப்பட்டதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அந்த ரியூசன் மாஸ்ரர் உயர்தர வகுப்புக்கு வணிகம் படிப்பிப்பவர். வாழ்நாளில் அவர் கீறிய ஒரே கோடு, விலை கூடினால் கேள்வி குறையும் என்று காட்டும் வளைகோடு. அதனாலென்ன, அவருடைய பிள்ளைகள் வருடாவருடம் பாஸ். கொழும்பிலிருந்த மச்சான் ஒருவர் மூலம் அவர் அந்தப் போட்டியின் முந்தைய மூன்று வருடத்துப் பரிசுப் படங்கள் அச்சான புத்தகங்களை எடுப்பித்திருந்தார். எங்களுக்கு அவை கடந்தகால வினாத்தாள்கள். தகரக் கொட்டிலில் நாங்கள் ஏழு பேரும் வாங்கில் இருந்தோம். கடைசி வாங்கில், கொப்பியும் பேனையுமாக, எங்கள் கல்லூரியில் எங்களுக்குச் சித்திரம் படிப்பிக்கும் விரிவுரையாளரும் இருந்தார். எங்களைக் கண்டதும் கொஞ்சம் குனிந்துகொண்டார்.

மாஸ்ரர் சோக்கை எடுத்துக் கரும்பலகையில் எழுதத் தொடங்கினார்.

"மூண்டு வருசத்துப் படங்களையும் நான் ஆராய்ஞ்சு பாத்தாச்சு. தண்ணி வராத படத்துக்குப் பரிசு இல்லை. பறவை இல்லாத படத்துக்கும் இல்லை. குடத்தோடை ஒரு பெம்பிளை ரண்டு வருசம் வந்திருக்கு, இந்த வருசமும் நிச்சயம் வரும். எங்கடை பகுதிக்கெண்டு ஒரு ஸ்பெசல் வேணும். அதுதான் கிணத்திலை தண்ணி அள்ளுற துலா. கொழும்பாக்களுக்குத் துலா எண்டால் காணும், உருகிப் போவினம். துலாவுக்கு இருபது புள்ளி. எழுதுங்கோ."

நாங்கள் எழுதினோம். அவர் ஒரு படத்தைச் சொல்லச் சொல்ல, ஏழு பேரும், விரிவுரையாளரோடு எட்டுப் பேரும், அதைக் கொப்பியில் வசனமாக எழுதினோம். நடுவில் கிணறு, கமா. கிணற்றுக்கு இடப்பக்கம் துலா. துலாவின் நுனியில் புறா ஒன்று. குடத்தை இடுப்பில் வைத்த பெண், முகம் பாதி திரும்பியிருக்க வேண்டும், முழுதாகத் திரும்பினால் புள்ளி குறையும். பின்னால் பனை மூன்று. சூரியன் உதிக்கிறதா மறைகிறதா என்று தெரியக்கூடாது. இந்த இடத்துக்குக் கீழ்க்கோடிடச் சொன்னார். பிஸ்கட்டை மறைத்தால் முழுப் புள்ளியும் போய்விடும், இதற்கு இரண்டு கோடு.

எங்கள் வகுப்பின் இரண்டு பெடியன்களில் கரவெட்டியிலிருந்து வந்தவன், அவர்கள் குடும்பம் புகையிலைத் தோட்டக்காரர், கையை உயர்த்தினான். "சேர், எங்கடை தோட்டத்திலை தண்ணி இறைக்கிறது மிசினாலைதான். மிசினைக் கீறலாமோ?"

"மிசின் சிலபசுக்குள்ளை இல்லைத் தம்பி."

வகுப்பு முடிந்ததும் எல்லாரும் போகும்வரை நின்று, என் படத்தின் சிறிய மாதிரியைக் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.

"இதிலை ஒரு ஸ்ரேசன் மாஸ்ரர் நிக்கிறார். ரெயின் எங்கை?"

"இல்லை, சேர்."

"ரெயின் இல்லாத ஸ்ரேசன் மாஸ்ரருக்கு ஆர் பிள்ளை புள்ளி போடுவான்? தண்ணியும் இல்லை, பறவையும் இல்லை. ஆடு நிக்குது. ஆட்டுக்குப் புள்ளி இல்லை." பிறகு குரலைத் தாழ்த்தினார். "உமக்கு முதல் மூண்டுக்குள்ளை வரவேணுமோ, வேண்டாமோ?"

வரவேணும். அதுதானே எல்லாம். சைக்கிளை உழக்கி வீட்டுக்கு வந்துசேருமுன் நான் தீர்மானித்துவிட்டேன். அந்த மனிதரைத் திட்டிக்கொண்டுதான் வந்தேன், ஆனால் புள்ளியைக் கூட்டிக்கொண்டும் வந்தேன். என் படத்துக்கு அவருடைய திட்டத்தில் பூச்சியம். கொப்பியில் இருந்த படத்துக்கு நூறு. பயம் வந்துவிட்டால் நான் நன்றாகப் படிக்கிற பிள்ளை.

இன்னொரு கன்வஸ் கிடையாது. அதனால் அப்பா ஸ்ரேசனுக்குப் போயிருந்த இரண்டு காலைகளில், பின் விறாந்தையில் இருந்து, அப்பாவின் மேல் அந்தப் பெண்ணைக் கீறினேன். வண்ணமும் முடிகிற நிலை. மண்ணெண்ணெய் விட்டுத் தண்ணியாக்கித்தான் பூசினேன். அவருடைய பச்சைக் கொடி போன இடத்தில் பனையின் ஓலை வட்டு ஒன்று வந்தது. நெஞ்சு இருந்த இடத்தில் குடம் வந்தது. முகத்தைக் கடைசிவரை விட்டுவைத்தேன். பிறகு அதன் மேலும் பெண்ணின் கொண்டையைப் போட்டேன். அழுதேனா என்றால், அழுதேன். அழுதுகொண்டும் கொண்டையை வடிவாகத்தான் போட்டேன்.

அப்பாவிடம் சொல்லவில்லை. வண்ணம் காய வேண்டும், யாரும் பார்க்கக்கூடாது என்று சாக்கால் மூடி வைத்தேன். கடைசி நாளில் ஏழு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருட்டி, ஒரே குழாய்க்குள் இறுக்கிப்போட்டுக் கிளாலிப் படகில் அனுப்பினோம். சுருட்டுமுன் ஏழையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தேன். ஏழு கிணறு, ஏழு துலா, ஏழு புறா. கரவெட்டிக்காரனின் புறா மட்டும் கொஞ்சம் கோழிச்சாயல். மற்றபடி எது யாருடையது என்று தாய்க்கும் தெரியாது.

அப்பாவோ ஊர் முழுவதும் சொல்லித் திரிந்தார். கையெழுத்து வைக்க வரும் மற்ற உத்தியோகத்தர்களிடமும், கீரிமலைக்குத் தீர்த்தமாடப் போன இடத்திலும், "ஐஞ்சு வருசமாய் ரெயின் இல்லை, ஆனால் நான் கொழும்புக்குப் போய்ச் சேந்திட்டன்," என்று சிரித்தார். ஒவ்வொரு தடவையும் நான் வேறெங்காவது பார்த்தேன். முதல் மூன்றுக்குள் வந்துவிட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம், பரிசு வந்த வீட்டில் கோபம் நிற்காது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

சித்திரையில் சண்டை மறுபடி தொடங்கியது. சோடா போனது, பற்றரி போனது, சனங்கள் திரும்பவும் வானத்தைப் பார்த்தார்கள். பிஸ்கட் கொம்பனியைப் பற்றி யாருக்கும் நினைவில்லாத ஒரு நாளில், கப்பலில் வந்த தபாலோடு, எங்கள் ஏழு பேருக்கும் ஒரே மாதிரியான ஏழு கடிதங்கள் வந்தன.

முதல் மூன்று இடமும் கொழும்புக்கும் கண்டிக்கும் போயிருந்தன. எங்களுக்கு, ஏழு பேருக்கும் சேர்த்து, ஒரு சிறப்புப் பரிசு. ஒரு சான்றிதழ், ஒரு பதக்கம். ஒரே காட்சியை ஏழு இளம் ஓவியர்கள் தனித்தனியே கண்டிருப்பது, போரில் வாழும் ஒரு தலைமுறையின் கூட்டுக் கனவு என்று நடுவர் குழு எழுதியிருந்தது. அந்தக் கிணற்றின் முன் தாங்கள் நெடுநேரம் மௌனமாக நின்றதாகவும் எழுதியிருந்தது. கூட்டுக் கனவு கண்ட தகரக் கொட்டிலுக்கு அவர்கள் ஒருதரம் வந்து பார்த்திருக்க வேண்டும்.

ரியூசன் மாஸ்ரருக்குக் கால் நிலத்தில் படவில்லை. இரண்டு நாளில் கோப்பாய்ச் சந்தியில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார். எங்கள் ஏழு பேரின் முகங்களும், மேலே 'ஏழுக்கு ஏழு' என்று பெரிய எழுத்தும், கீழே அடுத்த வருடத்து வகுப்புக்கு முற்பதிவும். பதக்கத்தை யார் வைத்திருப்பது என்று சண்டை வந்து, கடைசியில் அது அவருடைய மேசையில் தாள் பறக்காமல் இருக்க உதவியது.

எங்கள் வீட்டுக் கடிதத்தை அப்பாதான் பிரித்தார். ஆங்கிலம் என்றால் அவர்தான் வாசிப்பார், எங்களுக்குத் தமிழில் சொல்லுவார். அம்மா கதவோரம் நின்றாள். கடிதத்தோடு ஒவ்வொரு படத்துக்கும் நடுவர்கள் எழுதிய குறிப்பும் இருந்தது. கிணறு என்ற சொல்லில் அப்பா நின்றார். கடிதத்தைத் திருப்பிப் பெயரைப் பார்த்தார். எங்களுக்கு வந்ததுதான். மறுபடி வாசித்தார்.

"ஆறாவது படம், உன்ரை பேர் போட்டிருக்கு. குறை எண்டு எழுதியிருக்கினம்." மெதுவாக, சொல் சொல்லாக, தமிழாக்கினார். "மேலே பூசிய வண்ணம் பல இடங்களில் உரிந்திருக்கிறது. குடமேந்திய பெண்ணின் ஊடாக, தொப்பியணிந்த, வெள்ளைச் சீருடை போட்ட ஒரு ஆணின் உருவம் தெரிகிறது. பழைய படமொன்றைச் சரியாக அழிக்காமல் அதன்மேல் வரைந்ததால் ஏற்பட்ட குறை. மாணவி அடித்தளத்தை ஒழுங்காகத் தயார்செய்யப் பழக வேண்டும்."

மினுமினுப்புப் பெயின்ற்மேல் மண்ணெண்ணெய் கலந்த வண்ணம் ஒட்டாது. முதலாம் வருடத்திலேயே படித்தது. சுருட்டி இறுக்கியபோது முழுவதும் வெடித்திருக்கும்.

அப்பா கடிதத்தை மடித்தார். கடிதத்தின் மடிப்புகளிலேயே மடித்தார்.

"ஏன் பிள்ளை என்னை அழிச்சனீ?"

"குடத்தோடை பெம்பிளை நிண்டால்தான் புள்ளி எண்டு சொன்னவை, அப்பா."

"ஆர் சொன்னவை?"

"ரியூசன் சேர்."

"வணிகம் படிப்பிக்கிறவரோ?"

"ஓம்."

அவர் கோபப்பட்டிருந்தால் நான் எதிர்த்துக் கதைத்திருப்பேன். எனக்கு அது நன்றாக வரும். அவர் கோபப்படவில்லை. சீருடையோடுதான் இருந்தார், தொப்பி மடியில் இருந்தது. கொஞ்ச நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உந்தக் குடக்காரியாலை தோத்துப்போனாய்," என்றார். "தோக்கிறதெண்டால், பிள்ளை, என்னாலை தோத்திருக்கலாமே."

அடுத்த கிழமை அப்பா பிரான்சுக்குக் கடிதம் எழுதினார். எழுதிவிட்டு, ஒட்டுவதற்கு முன், என் முன்னால் மேசையில் கொண்டுவந்து வைத்தார். வேண்டாம் என்று ஒரு சொல் நான் சொல்லியிருந்தால் அவர் கிழித்திருப்பார், அதற்காகத்தான் கொண்டுவந்து வைத்தார் என்று எனக்கு அப்போதே தெரியும். மூன்று கிழமை எனக்காக வெயிலில் நின்றவரை இரண்டு காலையில் அழித்துவிட்டு, எனக்கென்று இன்னும் மூன்று வருடம் தாருங்கள் என்று அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கடித உறையின் விளிம்பை நானே நாக்கில் நனைத்து ஒட்டிக் கொடுத்தேன்.